போன வழியில் திரும்பாதே

ஹார்பர் மதிலை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து என் மாமனார் வலது காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குதிகால் வெடிப்பு ஆழமாகிப் போய், ரத்தம் கசிந்து துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். ஊறவைத்து மெதுவாக உரித்தார். ஒரு முனகல்கூட இல்லை. முனகியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தார், உப்பு, அழுகிய வெங்காயம் எல்லாம் கலந்த வாடை அடித்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் எப்போதும் கப்பலின் புகைபோக்கிகள் தெரியும். அன்று ஒன்றுமே தெரியவில்லை. வெறும் வானம்.

கேட்டில் நின்ற காவல்காரர் எங்களைப் பலமுறை பார்த்தவர். முதலில் விரட்டினார். பிறகு பதில் சொன்னார். அதற்கும் பிறகு, நாங்கள் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுவார். அன்று அவரே எழுந்து எங்கள் பக்கத்தில் வந்தார்.

“பெரியவரே, இனிமே ரங்கூன் கப்பலு கெடையாது. அந்த ஊரே ஜப்பான்காரன் கையில பூட்ச்சு. இன்னாத்துக்கு இந்த வெயில்ல வந்துகினு கீறீங்க? பொண்ண இட்டுகினு ஊடு போய்ச் சேருங்க.”

“செரிப்பா” என்றார் மாமா. அவ்வளவுதான். துணியை உதறி மறுபடியும் காலில் சுற்ற ஆரம்பித்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். புருஷன் இல்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறான் ஒருவன், இவள் காலைப் பற்றி யோசிக்கிறாளே என்று சிலருக்குத் தோன்றும். தோன்றினால் தோன்றட்டும். அவர்கள் யாரும் என்னோடு நடக்கவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோய், சம்பந்திகள் முறைத்துக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு அம்மாள், “எல்லாம் சரி, மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே” என்று கேட்டிருக்கிறார். எழுதும் அளவுக்கு அப்போது எனக்கு அவரைத் தெரியாது. வேறு காரணம் இல்லை.

பெயர் வரதன். ஊர் கொரட்டூர். அங்கே ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். மழை இரண்டு வருஷம் ஏமாற்றியது. ஏரியில் முழங்கால் தண்ணீர்கூட இல்லாமல் பிள்ளைகள் உள்ளே இறங்கிக் கிட்டிப்புள் ஆடினார்கள். கூடப் படித்த ஒருவர் ரங்கூனில் மர மில்லில் வேலை வாங்கித் தருகிறேன் என்றார். கல்யாணமான முதல் ஆடிக்கு நான் தாய்வீடு போனேன். திரும்பி வருவதற்குள் இவர் கப்பல் ஏறியிருந்தார். சண்டை போடக்கூட எனக்குச் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை.

அவர் முகத்தை நினைக்கப் பார்த்தால் மீசை மட்டும்தான் வரும். இன்னொன்றும் வரும். அவர் எல்லோருக்கும் முன்னால் விடுவிடு என்று நடந்துபோய், வழி திரும்பும் இடத்தில் நின்று காத்துக்கொண்டிருப்பார். கோவிலுக்குப் போனாலும் அப்படித்தான், சந்தைக்குப் போனாலும் அப்படித்தான். அந்த நிற்கும் நிற்பு மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. அங்கேயிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறார்கள் என்று வில்லிவாக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் விடிந்ததும் மாமா மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “கன்னிம்மா, நீயும் வா. எனக்குத் தூரத்துல இருக்கறவன் மூஞ்சி தெரியாது” என்றார். எனக்கு மட்டும் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

மாட்டுச் சட்டம்

என் மாமியார் பிறந்த ஊர் வேப்பம்பட்டு. அந்தக் காலத்தில் அங்கே மேய்ச்சல் காடு அதிகம். மாடு ஒன்று வீடு திரும்பாவிட்டால் ஆள் தேடிப் போவான். தேடிப் போனவன் மாடு கிடைக்காமல் போன வழியிலேயே திரும்பி வரக் கூடாது. வேறு தடத்தில் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். போன வழியில் வெறுங்கையோடு திரும்பினால் அந்த மாட்டுக்குத் தலைமுழுகிவிட்டதாக அர்த்தம். பிறகு அது கிடைக்காது. இது அவர்கள் வீட்டு வழக்கம்.

யோசித்துப் பார்த்தால் மாட்டுக்கு இது நல்ல சட்டம்தான். இரண்டு தடத்தில் தேடினால் எங்கேயாவது அகப்படும். ஆனால் அத்தை, அதாவது என் மாமியார், இதைப் பெற்ற பிள்ளைக்கும் போட்டுவிட்டார்.

“தோ பாருங்க, ரெண்டு பேருக்கும் சொல்றேன். அவன் கெடைக்காம திரும்பறதா இருந்தா போன வழில வராதீங்க. சுத்திகினு வாங்க. கால் வலிச்சா குந்திட்டு வாங்க. ஆனா போன வழில மட்டும் வராதீங்க.”

இதனால் எங்களுக்கு ரயிலும் இல்லாமல் போயிற்று. “ரயிலு போன தண்டவாளத்துலயே தானே திரும்பி வருது?” என்று அத்தை கேட்டார். மாமா தாடையைச் சொறிந்தார். “அது வேற தண்டவாளம்டி, பக்கத்துல இன்னொண்ணு கீதே” என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. போகும்போதாவது ரயிலில் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்போது ராணுவ ரயிலுக்கு வழிவிட்டு நம் ரயில் எங்கேயாவது நடுவழியில் வெயிலில் நின்றுவிடும். கப்பல் ஜனம் கலைந்த பிறகு போய் என்ன செய்ய? அதனால் போகவும் நடை, வரவும் நடை.

தினமும் காலையில் கிளம்பும்போது, “இன்னிக்கு எந்த வழியா திரும்புவீங்க?” என்று அத்தை கேட்பார். மாமா சொல்லுவார். சாயங்காலம் அந்த வழி ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரிய மோர்ச்சொம்போடு அத்தை நின்றுகொண்டிருப்பார். அந்த மோர் மூன்று பேருக்குக் காணும். நாங்கள் இரண்டு பேர்தான் வந்திருப்போம். மிச்சத்தையும் எங்கள் தலையிலேயே கட்டுவார். “குடி, வீணாக்கக் கூடாது” என்பார். வயிறு முட்ட அந்த மூன்றாவது ஆளின் மோரைக் குடித்துவிட்டு வீடு போவோம்.

நடந்த தடங்கள்

நேர் வழி என்பது வில்லிவாக்கம், அயனாவரம், ஓட்டேரி. அங்கேயிருந்து பேசின் பிரிட்ஜ். அங்கேதான் பக்கிங்காம் கால்வாய் குறுக்கே வரும். கால்வாய்க் கரையோடு கொஞ்ச தூரம் நடந்து, ஊருக்குள் புகுந்து, ஹார்பர். விடியும் முன்பே கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம்.

திரும்பும் வழி இரண்டு. ஒன்று தெற்கே. கால்வாய்க் கரையிலேயே இறங்கி, அது கூவத்தோடு சேரும் இடம் வரைக்கும் வந்து, கூவம் கரையைப் பிடித்து மேற்கே நடக்க வேண்டும். சேத்துப்பட்டு, அமைந்தகரை. அப்புறம் வயல்களுக்குள் வடக்கே திரும்பி, பாடி வழியாகக் கொரட்டூர். அந்தக் காலத்தில் கூவத்தில் வண்ணார் துணி துவைப்பார்கள். வெளுத்த துணி கரை நெடுகக் காயும். அவர்கள் அழுக்கெடுக்கப் போடும் உவர்மண்ணின் வாசனை எனக்குப் பிடிக்கும். அவ்வளவு அலுப்பிலும் பிடிக்கும்.

இன்னொன்று வடக்கே. கொருக்குப்பேட்டை பக்கம் சுற்றி, வியாசர்பாடி, பெரம்பூர், குளத்தூர், ரெட்டேரி. கடைசியில் எங்கள் ஏரிக்கரை மதகில் வந்து ஏறும். நிழலே இல்லாத வழி. நெருஞ்சிமுள் நிறைய. மாமாவின் காலைக் கெடுத்தது அந்த வழிதான்.

எல்லா வழிக்கும் பொதுவாக இருந்தது கால்வாய். இப்போது அதைச் சாக்கடை என்றுதான் உங்களுக்குத் தெரியும். அப்போது படகுகள் வரும். வடக்கே நெல்லூர்ப் பக்கத்திலிருந்து சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு வரும். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் மனுஷன். இரண்டு மூன்று பேர் தோளில் கயிற்றை மாட்டிக்கொண்டு கரைமேல் குனிந்து இழுத்துப் போவார்கள். அவர்கள் நடந்து நடந்து கரையில் ஒரு தடம் பள்ளமாகவே விழுந்திருக்கும். வழவழவென்று, முள் இல்லாமல். நாங்கள் அதில்தான் நடப்போம். படகு எதிரே வந்தால் கயிறு தாண்ட வேண்டும். அவர்கள் தெலுங்கில் எதையோ சத்தம் போடுவார்கள். அடுத்த தடவையிலிருந்து நான் முன்கூட்டியே ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்டேன்.

பேசினுக்குப் பக்கத்தில் கரையோரமாக ஒரு விறகுத்தொட்டி, அதாவது விறகு விற்கும் கிடங்கு, இருந்தது. அதற்குக் காவல் காசிம் பாய். பூந்தமல்லிக்காரர். மனைவி மக்கள் அங்கே இருக்க, இவர் மட்டும் தொட்டியிலேயே படுத்துக் கிடப்பார். விடிகாலையில் நாங்கள் அந்தப் பக்கம் போகும்போது சொம்பு ரொப்பித் தருவார்.

“இன்னா நைனா, போறப்பல்லாம் பாக்கறேன். வர்றப்ப ஒருநாளும் பாக்கலியே. பறந்து போறீங்களா?” என்று ஒருநாள் கேட்டார். மாமா மாட்டுச் சட்டத்தைச் சொன்னார். காசிம் பாய் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. “பெத்தவ மனசு. அது சொல்றபடி கேளுங்க” என்றார். எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. இவருக்கென்ன, விறகுமேல் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்.

ஊரே மேற்கே

நான் முதலில் சொன்ன அந்த நாளுக்கு வருகிறேன்.

பட்டணத்தில் குண்டு போடப்போகிறான் என்று பேச்சுக் கிளம்பி, ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த சமயம். விடிகாலையில் நாங்கள் கிழக்கே போகிறோம். எதிரே ஊரே மேற்கே வந்துகொண்டிருக்கிறது. மாட்டு வண்டி, கைவண்டி, தலையில் மூட்டை. ஒரு வண்டியில் கல்லுரல். அதை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தார்களோ. ஒரு கிழவர் கூண்டுக் கிளியோடு நடந்தார். கிளி ஓயாமல் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போயிற்று.

“எங்க போறீங்க? அந்தாண்ட போகாதீங்க” என்று எதிரே வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் நின்று, “எம் புள்ள வர்றான். இட்டாரப் போறோம்” என்று பதில் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் பதில் சொல்வதை விட்டுவிட்டார்.

அன்று காலையில் காசிம் பாய் தொட்டியில் இல்லை. கதவு சாத்தியிருந்தது. அவரும் பூந்தமல்லிக்குப் போய்விட்டார் என்று நினைத்தோம். சொம்பு ரொப்ப வேறு இடம் தேடினோம்.

ஹார்பரில் காவல்காரர் சொன்னதைத்தான் முன்பே எழுதிவிட்டேன்.

“சுத்த வேணாம் மாமா”

மாமா காலில் துணியைக் கட்டி முடித்து எழுந்தார். நின்றதும் முகம் சுருங்கியது. அன்றைக்கு அத்தையிடம் ரெட்டேரி வழி என்று சொல்லியிருந்தோம். அந்த நெருஞ்சிமுள் வழி. என் காலும் ஒன்றும் உயர்த்தியாக இல்லை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. முந்தின நாளிலிருந்து எனக்கு வயிற்றுவலி வேறு. இதையெல்லாம் மாமனாரிடம் சொல்ல முடியுமா?

கால்வாய்க்கு வந்தோம். வடக்கே திரும்பினால் ரெட்டேரி. நேரே போனால் காலையில் வந்த வழி. மாமா வடக்கே திரும்பினார். இரண்டு அடி வைத்திருப்பார்.

“சுத்த வேணாம் மாமா” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னதன் அர்த்தம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பெண்டாட்டி போட்ட சட்டப்படி, நான் என் புருஷனுக்குத் தலைமுழுகச் சொல்லியாயிற்று.

“உங்கத்த கேட்டா இன்னா சொல்றது?”

“நாந்தான் சொன்னேன்னு சொல்லுங்க. என்னால முடியல மாமா. அவர் வர்றதா இருந்தா எந்த வழில நாம போனாலும் வருவாரு. வரலன்னா ரெட்டேரி சுத்தி வந்தா மட்டும் வந்துடுவாரா?”

மாமா என்னைப் பார்க்காமலே நேர் வழிக்குத் திரும்பினார். “வா” என்றார்.

அப்போது எனக்கு ஏற்பட்டது துக்கம் இல்லை. பெரிய சுமையைக் கீழே வைத்ததுபோல் இருந்தது. வெட்கமாகவும் இல்லை. அத்தனை நாள் ஒரு முகம் தெரியாத மனுஷனை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று தேடியிருக்கிறேன். ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்த்து இல்லை இல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இனிமேல் தேட வேண்டாம் என்பதே போதும் என்று இருந்தது. இருவரும் கயிறு இழுப்பவர்களின் பள்ளத் தடத்தில் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம்.

சவுக்குக் கட்டைக்குப் பின்னால்

விறகுத்தொட்டி நெருங்கியபோது வாசலில் காசிம் பாய் நின்றுகொண்டிருந்தார். நெற்றிக்குக் கைவைத்து எங்களையே பார்த்தார். பிறகு ஓடி வந்தார். அந்தப் பெரிய உடம்பு ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை.

“யா அல்லா! இந்த வழியா வந்தீங்களா! வர மாட்டீங்கன்னு நெனச்சேனே நைனா! மத்தியானத்துலருந்து ரோட்டயே பாத்துகினு கீறேன்.”

“இன்னா பாய்? காலைல காணமே?”

“நெல்லூர் படகு வந்திச்சு, கட்டை எண்ணி எறக்க வடக்கால துறைக்குப் போயிருந்தேன். அந்தப் படகுல ஒரு ஆளும் வந்து எறங்கிச்சு. கால் புண்ணு, சொரம். கொரட்டூர் எப்படிப் போறதுன்னு கேட்டான். கொரட்டூர்ல யாருன்னு கேட்டேன். சொன்னான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்பூட்ச்சு. நீங்க வேற வழியா சுத்திகினு போயிடுவீங்க. நான் தொட்டிய உட்டுட்டு எங்க வர்றது? ஊர்ல ஒரு ஆள் இல்ல சொல்லி அனுப்ப. நோயாளிங்கள வாரிகினு போற வண்டி வேற ரெண்டு வாட்டி வந்து பாத்துட்டுப் போயிட்டான். அதுல ஏத்துனா எந்த ஊரு கொட்டகைல போடுவானோ. அதான் உள்ள மறச்சு வச்சிகீறேன்.”

மாமாவுக்குப் புரியவில்லை. “யாரு பாய்?” என்று கேட்டுக்கொண்டே நின்றார். எனக்குப் புரிந்தது. காசிம் பாய் பின்னால் உள்ளே போனேன்.

சவுக்குக் கட்டை அடுக்குக்குப் பின்னால் ஒரு கோணிமேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி. கன்னம் ஒட்டிப்போய், தலையில் எண்ணெய் கண்டு எத்தனையோ நாளான மனுஷன். ஒரு காலில் பெரிய கட்டு, அதன்மேல் ஈ. நான் நன்றாகப் பார்த்தேன். வழக்கம்போல, இல்லை, இது அவர் இல்லை என்றுதான் மனசு சொல்லிற்று. ஹார்பரில் பார்த்துப் பார்த்து அப்படியே பழகிவிட்டிருந்தது.

அந்த ஆள் மாமாவைப் பார்த்தார்.

“நைனா, கால்ல இன்னா கட்டு?”

மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சத்தமில்லாமல் அழுதார். பிள்ளையின் கட்டுப்போட்ட காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் காலிலும் கட்டு. நான் நின்றுகொண்டே இருந்தேன். கோணிமேல் இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “நீயா நடந்து வந்தே?” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் நடந்ததை யாரோ கேட்டுவிட்டார்கள்.

தான் வந்த கதையை அவர் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கடைசிக் கப்பல்களில் ஒன்றில் ஏறி, கல்கத்தாவில் இறங்கி, ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு தெற்கே வந்திருக்கிறார். காலில் ஏறிய ஆணி சீழ்வைத்து, காய்ச்சல் வந்து, நெல்லூரில் இறக்கிவிட்டார்கள். நடக்க முடியவில்லை. கால்வாய்ப் படகு மெட்ராஸ் போகிறது என்று யாரோ சொல்ல, விறகுமேல் படுத்துக்கொண்டே வந்துவிட்டார். நாங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் எங்கள் முதுகுப்பக்கம் கால்வாயில் வந்துகொண்டிருந்தார். நாங்கள் தினமும் தாண்டிப் போன கயிற்றின் மறுமுனையில்.

தையல் மிஷினுக்கும் தொட்டிலுக்கும் நடுவே

இனி அவரை எப்படி வீடு சேர்ப்பது? காசிம் பாய் ரோட்டில் போன ஒரு வண்டியை நிறுத்தினார். மேற்கே போகும் குடும்பம். வண்டி நிறையச் சாமான். காய்ச்சல்காரரைப் பார்த்ததும் அந்த வீட்டு அம்மாள் பிள்ளைகளை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். முடியாது என்றார் வண்டிக்குரியவர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

“எங்க போய்த் தங்கப் போறீங்க?” என்று மாமா கேட்டார்.

“ஆவடிப் பக்கம். எடம் பாக்கணும்.”

“பாக்க வேணாம். எங்க ஊட்டுக் கொட்டாய் காலியா கீது. தண்ணி கீது, நெழல் கீது. யுத்தம் முடியற வரைக்கும் இருங்க. எம் புள்ளைய மட்டும் ஏத்திக்குங்க.”

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தார். பிறகு தானே இறங்கி ஒரு மூட்டையை நகர்த்தினார். தையல் மிஷினுக்கும் மரத் தொட்டிலுக்கும் நடுவே அவரைப் படுக்கவைத்தோம். மாமாவையும் நுகத்தடிப் பக்கம் உட்காரவைத்தார்கள். எனக்கு இடமில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓட்டேரி, அயனாவரம், வில்லிவாக்கம். காலையில் போன அதே வழி.

மோர்ச்சொம்பு

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கதவு வெளியே நாதாங்கி போட்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை ஏரிக்கரை மதகில் நிற்கிறார். ரெட்டேரி வழியாக வருவோம் என்று பார்த்துக்கொண்டு.

என் புருஷனைக் கட்டிலில் சேர்த்துவிட்டு நான் ஓடினேன். ஓடினேன் என்று சும்மா சொல்கிறேன். இழுத்துக்கொண்டு போனேன்.

அத்தை மதகுக் கல்மேல் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் சொம்பு. தண்ணீரில் வெளிச்சம் கொஞ்சம்தான் பாக்கி. நான் முதுகுப்பக்கமாக, ஊர்ப்பக்கமாக வந்தேன். காலடிச் சத்தம் கேட்டும் அவர் திரும்பவில்லை.

“யாரு?”

“நாந்தான் அத்தே.”

“எந்தப் பக்கமா வந்தே?”

எனக்கு மூச்சு வாங்கியது. “ஊட்டுப் பக்கமா.”

“போன வழிலயே வந்துட்டீங்களா” என்றார். அது கேள்வி இல்லை. என்னைத் திட்டவும் இல்லை. சொம்பின் மூடியைத் திறந்தார். மெதுவாகச் சாய்த்தார். மோர் கல்மேல் விழுந்து மண்ணில் வழிந்தது. செத்தவர்களுக்கு ஊற்றுவதுபோல் நிதானமாக ஊற்றினார்.

“கொட்டாத அத்தே!” என்று கத்தினேன். “கொட்டாத. உம் புள்ளைக்கு வேணும். ஊட்ல படுத்துனுகீறாரு. தாகமா கீதாம்.”

சாய்ந்த சொம்பு அப்படியே நின்றது. அத்தை அதை நிமிர்த்தி, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். பாதிக்குமேல் இருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அவனோட வந்தீங்களா?”

“ஆமா அத்தே.”

“மாட்டோட வந்தா எந்த வழியா வந்தா இன்னாடி” என்றார். சொல்லிவிட்டு, “எந்திரிக்க முடியல கன்னிம்மா, தூக்கு” என்றார்.

நாங்கள்தான் நடக்கிறோம், இவருக்கென்ன என்று எத்தனை தடவை மனசுக்குள் முணுமுணுத்திருப்பேன். நாங்கள் கிளம்பிப் போனதிலிருந்து அவர் வீட்டில் உட்காருவதே இல்லை, மத்தியானத்திலிருந்தே அந்தந்த வழியில் போய் நிற்பார் என்று பக்கத்து வீட்டில் பிறகுதான் சொன்னார்கள். முழங்கால் இரண்டும் வீங்கி மரக்கட்டையாக இருந்தது. இடுப்பில் கைகொடுத்து எழுப்பினேன். சொம்பை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

அன்று ஹார்பர் வரை போய்த் திரும்பியவள் நான். ஆனால் ஏரிக்கரையிலிருந்து வீடு வரைக்கும் அவரைத்தான் நான் தாங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஒரு சொட்டு சிந்தாமல் வந்து சேர்ந்தோம்.